உத்தரவுக்கு நின்ற தண்ணீர்

முதலில் அனுமதி கேட்டது தண்ணீர்க் குழாய்தான். ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, திருப்பூருக்கு மேற்கே நொய்யலைத் தாண்டி இருக்கும் நல்மதி எக்ஸ்போர்ட்ஸ் என்ற பனியன் கம்பெனியின் ஆறாம் லைனில், அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏதோ ஒரு குளிர் தேசத்துக் குழந்தைகளுக்கு உள்ளங்கை அகலச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போன ஒருத்தி குழாயைத் திருகினாள். தண்ணீர் குழாயின் உதடுவரைக்கும் வந்து, உருண்டு திரண்டு, கீழே விழாமல் அப்படியே நின்றது.

பிளம்பர் வந்து பார்த்தார். குழாயைத் தட்டினார், திருகினார், குனிந்து அண்ணாந்து உள்ளே பார்த்தார். "தண்ணி வருதுங். விழ மாட்டீங்குதுங்," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த வழியாக ரவுண்ட்ஸ் வந்த முதலாளி திருமூர்த்தி, வேலை நேரத்தில் குழாயடியில் ஏன் கூட்டம் என்று எரிந்து விழுந்து, விஷயத்தைக் கேட்டு மேலும் எரிச்சலாகி, குழாயைப் பார்த்து "விழுந்து தொலை!" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் விழுந்தது. சரியாக ஒரு டம்ளர். அடுத்த டம்ளருக்கு மறுபடியும் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டால் நேரம் போகும், நேரம் போனால் பெயர் போர்டில் ஏறும்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்மதியில் எல்லாவற்றுக்கும் சீட்டு. தண்ணீர் குடிக்க மஞ்சள் சீட்டு, உடம்பு சரியில்லை என்று கம்பெனி நர்ஸைப் பார்க்க ரோஸ் சீட்டு, லீவுக்கு வெள்ளைச் சீட்டு, வெள்ளையில் மட்டும் முதலாளியே கையெழுத்துப் போட வேண்டும். கக்கூசுக்குப் போகச் சீட்டு இல்லை, டோக்கன். அறுபது பேருக்கு ஒரே ஒரு டோக்கன். '6' என்று பொறித்த அலுமினிய வில்லை, சிவப்பு நாடாவில் கோத்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் நாலு நிமிடத்தில் திரும்ப வேண்டும். ஐந்தாம் நிமிடம் ஆனால், 'நேரம் திருடியவர்கள்' என்று தலைப்புப் போட்ட கரும்பலகையில் சாக்பீஸால் பெயர் எழுதப்படும். மாதவிலக்கு நாளில் ஏழு நிமிடம் ஆனவளும் திருடி. வயிற்றுப்போக்குக்காரியும் திருடி. முப்பத்தைந்து வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், பொது இடத்தில் தன் பெயரைத் திருடி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்து யாரோ பெற்ற பிள்ளைக்குச் சட்டைக் கழுத்து தைக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த மூளைக்குப் பெயர் நிர்வாகம்.

அந்த டோக்கனை வைத்திருந்தவளும், போர்டில் பெயர் எழுதியவளும் சம்பூரணம். ஆறாம் லைனின் சூப்பர்வைசர். நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருடம் பதினாலாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்து தைத்தவள், நாலு வருடத்துக்கு முன்னால் மேடம் ஆனாள். தைத்த காலத்தில் டோக்கன் கேட்டுக் கெஞ்சக் கூசி, காலையில் வீட்டில் அரை டம்ளர் தண்ணீர் குடித்தால் அதன் பிறகு சாயங்காலம் வீடு திரும்பித்தான் குடிப்பது என்று பழகியிருந்தாள். சிறுநீரகத்தில் ஒரு கல் விழுந்து கரைந்து இன்னொரு கல்லும் விழுந்தாயிற்று. டோக்கன் தன் கழுத்திலேயே தொங்கும்படி ஆன பிறகும் அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தொண்டை மறந்துபோயிருந்தது.

குழாய்க்கு அடுத்து மின்விசிறிகள். புதன்கிழமை காலை சுவிட்சைப் போட்டதும் இறக்கைகள் லேசாக அசைந்து, சுற்றலாமா என்று கேட்பதைப்போல நின்றன. பிறகு கத்தரிக்கோல்கள் வாயைத் திறந்தபடி துணிக்கு மேலே நின்றன. மதியத்துக்குள் ஊசிகள். அறுபது மிஷினும் ஓடின, மோட்டார் இரைந்தது, அறுபது ஊசியும் துணிக்கு ஒரு நூலளவு மேலே வந்து நின்றுகொண்டன. சம்பூரணம் ஒவ்வொரு மிஷினாகப் போய் "தை, தை" என்று சொல்லிப் பார்த்தாள். எச்.ஆர். கிருபாகரன் வந்து இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. முதலாளி வந்து "ம், தை," என்றார். ஊசி ஒரு மடிப்புத் தைத்துவிட்டு மறுபடி நின்றது.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். திருமூர்த்தி மகிழ்ந்துபோனார். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது வீண் போகவில்லை, இரும்புக்கே புரிந்துவிட்டது என்று ஆபீசில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். "இத்தனை நாளா இது கம்பெனியா? இப்பத்தான் கம்பெனி. நம்மளக் கேக்காம ஒரு ஊசி எறங்காது பாத்துக்குங்க," என்றார். ஆறாம் லைனுக்கு நேர் மேலே இருந்த தன் ஏசி அறையில் மைக் வைத்தார், லைனில் ஸ்பீக்கர் மாட்டினார், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணாம் நம்பர் தை, ரெண்டாம் நம்பர் தை, மூணாம் நம்பர் தை, ஃபேன் சுத்து, குழாய் விழு, நாலாம் நம்பர் தை," என்று காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். குரலைப் பதிவு செய்து ஓட விட்டுப் பார்த்தார்கள், ஊசிகள் ஏமாறவில்லை.

"சார், ஃபேனுக்கு மட்டும் நான் சொல்லட்டுங்களா? உங்க அதிகாரத்துல கொஞ்சம் எனக்குக் குடுத்தீங்கன்னா ஒருவேளை எம் பேச்சையும் கேக்கும்," என்று கிருபாகரன் பணிவாகக் கேட்டார்.

"இன்னிக்கு ஃபேனைக் குடுத்தா நாளைக்குக் குழாயைக் கேப்பீங்க. அப்பறம் நான் எதுக்கு?" என்றார் முதலாளி.

இப்படியாக அந்தக் கம்பெனியில் எல்லாமே நின்று, கேட்டு, பிறகு நடந்தன. சுற்றுச்சுவருக்குள் வந்த எதுவும் இந்த ஒழுக்கத்துக்குத் தப்பவில்லை. டீ மாஸ்டர் கேனில் கொண்டுவந்த டீ, ஆறுவதற்கு உத்தரவில்லாமல் மூன்று மணி நேரம் நாக்கைச் சுட்டது. பெண்கள் தலையில் வைத்துவந்த மல்லிகை வாடுவதற்கு அனுமதியில்லாமல் சாயங்காலம் வரை மொட்டாகவே இருந்து, கேட்டைத் தாண்டிய அடுத்த எட்டில் மொத்தமாகக் கருகியது. நெற்றியில் பூத்த வியர்வை பூத்த இடத்திலேயே நின்றது. மாரியம்மன் கோயில் மணியோசை சுற்றுச்சுவர் வரைக்கும் வந்து தயங்கி நின்றது. வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் மழை அடித்தது, கம்பெனிக் கூரைக்கு மேலே மட்டும் ஒரு ஆள் உயரத்தில் அத்தனை துளியும் அந்தரத்தில் நின்றன. மொட்டை மாடிக்குப் போன எலெக்ட்ரீஷியன் குனிந்து குனிந்து நடந்துவிட்டு வந்து, துணி காயப்போட்டால் நனையாது என்று மட்டும் தகவல் சொன்னார்.

பெண்களும் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொள்வதில்தான் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லையே! பூ வாடாமல் இருக்கிறதே என்று ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கான மாலையைக் கம்பெனியில் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி பாலைக் கொண்டுவந்து வைத்தாள், திரியவில்லை. ஒருத்தியின் விரலில் ஊசி ஏறியபோது ரத்தம் நுனியில் சிவப்பு மணியாக நின்றது, "பரவால்ல, துணியில கறை ஆகல," என்று அவளே சொல்லிக்கொண்டாள். விரல் கிழிந்தவள் துணிக்காகச் சந்தோஷப்பட்டாள். அதைக் கேட்ட சம்பூரணம் அந்த விரலையே ஒரு தடவை பார்த்தாள். ஆனாலும் அவள் ரோஸ் சீட்டை எடுத்து நீட்டி, "நர்ஸ்கிட்ட போயிட்டு சீக்கிரம் வா," என்றுதான் சொன்னாள்.

இப்போது பதினாலாம் நம்பர் மிஷினுக்கு வருவோம். அதில் தைத்துக்கொண்டிருந்தவள் முத்துப்பேச்சி. கம்பம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், இருபத்தாறு வயது, நிறைமாதம். நிறைமாதக்காரிக்கு மிஷினில் என்ன வேலை என்று கேட்பவர்கள் முதலாளியின் மேசைக்குப் போய்ப் பார்க்கலாம். ஏழாம் மாதத்தில் அவள் எழுதிக் கொடுத்த வெள்ளைச் சீட்டு, அங்கே காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கையெழுத்தில்லாமல் இருந்தது. பிள்ளை பெறுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். சட்டம் தரும் லீவைக்கூட அவர் நம்பிக் கொடுக்கத் தயாராக இல்லை. முத்துப்பேச்சி புருஷன் லோடு லாரியில் வடக்கே போயிருந்தான். சொல்லாமல் நின்றால் வேலை போகும் என்று அவள் தினமும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, மிஷினுக்கும் தனக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுக் கையை எட்டி நீட்டித் தைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஊசிகள் எல்லாம் நின்றிருந்தன. பெண்கள் அந்தந்த இடத்திலேயே தலை கவிழ்ந்து கிடந்தார்கள். சம்பூரணம் வரிசையில் நடந்துவந்தவள் பதினாலாம் நம்பர் அருகே நின்று, பழைய நினைப்பில் மிஷினின் கழுத்தைத் தடவினாள். பதினேழு வருடத்தில் அது எப்போது நூல் சிக்கிக்கொண்டு அடம்பிடித்தாலும் அவள் திட்டமாட்டாள், தட்டிக்கொடுத்து ஒன்றைச் சொல்வாள். அது தானாக வாயில் வந்தது.

"உனக்குத் தெரியாததா தங்கம்? நீயே பாத்துக்க."

ஊசி இறங்கியது. முத்துப்பேச்சி திடுக்கிட்டுத் துணியைக் கொடுத்தாள். மிஷின் ஒரு மடிப்பு முடித்தது, நிற்கவில்லை. அடுத்த சட்டையை வாங்கித் தைத்தது, அதற்கும் நிற்கவில்லை. அது யாரையும் கேட்கவில்லை. தையல் வேறு ஒரு நூல் பிசகாமல் அத்தனை நேராக இருந்தது. சம்பூரணம் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

"ஏக்கா!" முத்துப்பேச்சியின் முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லிருங்கக்கா. எல்லா மிசினுக்கும் இதையே சொல்லிருங்க. அந்தக் கொழாய்க்கும் சொல்லுங்க. அம்புட்டும் சரியாப் போகும்ல?"

"வாய மூடு," என்றாள் சம்பூரணம். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். "உன்ற லீவுச் சீட்டு அவருகிட்ட இருக்குது. என்ற வேலையும் அவருகிட்ட இருக்குது. நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் சொல்லல. கேட்டுச்சா அம்மணி?"

'ரிப்பேர்' என்று அட்டை எழுதிப் பதினாலாம் நம்பரின் கழுத்தில் மாட்டிவிட்டு, முத்துப்பேச்சியை நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினாள். முத்துப்பேச்சி போகும்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் சம்பூரணத்தை அன்று இரவு தூங்கவிடவில்லை.

ஏன் மறைத்தாள்? பயம், அது பாதி. மீதிப் பாதியை அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள நாலைந்து நாள் ஆயிற்று. ஊசிகள் கேட்காமலே ஒழுங்காகத் தைக்கும் என்றால், அறுபது பெண்களும் கேட்காமலே ஒழுங்காகத்தான் தைப்பார்கள். அப்படியானால் இந்த டோக்கன் எதற்கு? போர்டு எதற்கு? நாலு வருடமாக அதில் பெயர் எழுதிய சம்பூரணம் மேடம் எதற்கு? குந்த ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, 'மேடம்' என்று ஒரு சொல். இதற்காக ஒரு நிறைமாதக்காரியின் வாயை மூடச் சொன்னோம் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. மேலே ஸ்பீக்கரில் முதலாளியின் குரல் கரகரத்து, கம்மி, கடைசியில் இருமலும் மூச்சுமாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் குரல் நின்றது. அதோடு எல்லாம் நின்றன. பதினொரு மணிக்கு முத்துப்பேச்சி நூல் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஏக்கா... வலி வந்துருச்சு."

நாலு பேர் ஓடிவந்து தாங்கினார்கள். கம்பெனி நர்ஸ் ரெபேக்காள் வந்தாள். தைத்து முடித்துக் குவித்திருந்த குட்டிச் சட்டைகளின் மேல் வலி கண்டவளைப் படுக்க வைத்தார்கள். நிமிடங்கள் போயின. முத்துப்பேச்சி கத்தவும் இல்லை, முக்கவும் இல்லை. வெறித்த கண்ணோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து நிக்கிதுக்கா. வாசல்லயே நிக்கிது. வரவும் மாட்டேங்கிது, போகவும் மாட்டேங்கிது," என்றாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அது வந்தும் விட்டது. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றது, அதன் ஓசை கோயில் மணியோசையின் பக்கத்தில் சுவரோரம் தயங்கி நின்றது. இரும்பு கேட்டின் பூட்டைத் திறந்து ஆறு பேர் தள்ளினார்கள். அது ஒரு விரல் அகலம் நகர்ந்து, உத்தரவுக்கு நின்றுகொண்டது. ரெபேக்காள் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள், முகம் வெளுத்து நிமிர்ந்தாள்.

"மேடம், துடிப்பு நின்னு நின்னு வருது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காத்துக்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் தாங்காது."

முதலாளி இறங்கி ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் அறுபது பெண்களும் வழிவிட்டார்கள், அந்த நேரத்திலும் வழிவிட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார், தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது, காற்றுதான் வந்தது. கிருபாகரன் பேனாவையும் வெள்ளைச் சீட்டையும் நீட்டினார். அது இரண்டு மாதமாகக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்த அதே சீட்டு. முதலாளி கையெழுத்துப் போடக் குனிந்தார். மை பேனாவின் முனைவரைக்கும் வந்து நின்றது. அது அவருடைய உத்தரவைக் கேட்டது, அவருக்கோ குரல் இல்லை. குரலோ யாருடைய உத்தரவுக்கோ நின்றது, அவருக்கு மேலே அங்கே யாரும் இல்லை. ஒருத்தரையும் நம்பி ஒரு சொல்லைக்கூடக் கொடுத்துவைக்காத மனிதர், எல்லாச் சொல்லும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடம் பூட்டி வைத்த மனிதர், சாவி தொலைந்தவராகப் பிள்ளைத்தாய்ச்சியின் காலடியில் நின்று விழித்தார்.

"மேடம், என்ன பண்றதுங்?" என்று யாரோ கேட்டார்கள். "மேடம்!" என்று இன்னொரு குரல். முத்துப்பேச்சி மட்டும் தலையைத் திருப்பிச் சம்பூரணத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை திரும்பிப் பார்த்த அதே பார்வை.

சம்பூரணத்துக்குள் எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் கிளம்பியது. இருபத்தொரு வருடத்து ஆத்திரம், அடக்கிய ஒவ்வொரு தாகமும் அதில் இருந்தது, தன் கையால் எழுதிய ஒவ்வொரு பெயரும் இருந்தது. கழுத்திலிருந்த டோக்கனை அவள் பிடித்து இழுத்தாள், நாடா அறுந்து பின்கழுத்தில் கோடு விழுந்தது.

"எனக்குத் தெரியுமுங்!" என்று கத்தினாள். "சனிக்கிழமையே எனக்குத் தெரியும். பயந்துட்டு வாய மூடிட்டு இருந்தேன். இந்தப் புள்ளயோட வாயயும் மூடிட்டேன். நாசமாப் போச்சு அந்தப் பயம்! கேளுங்க எல்லாரும். அதுகளுக்கு உத்தரவு போடாதீங்க. 'உனக்குத் தெரியும், நீயே பாத்துக்க'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். போயி அவங்கவங்க மிஷினுக்குச் சொல்லுங்க, ஃபேனுக்குச் சொல்லுங்க, ரெண்டு பேரு ஓடிப்போயி அந்தக் கேட்டுக்குச் சொல்லுங்க!"

பெண்கள் சிதறி ஓடினார்கள். சம்பூரணம் முத்துப்பேச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உன்ற உடம்பு உன்றதாக்கும். அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. எவனையும் கேக்க வேண்டாம். எப்ப வேணுமோ, எப்பிடி வேணுமோ, நீயே பாத்துக்க சாமி."

முத்துப்பேச்சி கத்தினாள். ஒன்பது நாளில் அந்தக் கட்டடத்தில் யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுந்த முதல் சத்தம் அதுதான். சுற்றிலும் அறுபது மிஷின்களின் பக்கத்தில் அறுபது குரல்கள், உனக்குத் தெரியும் நீயே பாத்துக்க, உனக்குத் தெரியும் நீயே பாத்துக்க என்று சொல்லிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லை யாரும் தங்களிடம் சொல்லிக் கேட்டிராத பெண்கள், ஊசிகளிடமும் விசிறிகளிடமும் அதைச் சொல்லிச் சொல்லி, சொல்லும்போதே அழுதார்கள். பத்தே நிமிடத்தில் குழந்தை வந்தது. பெண் பிள்ளை. ரெபேக்காள் தூக்கிப் பிடித்தாள், துடைத்தாள், முதுகைத் தட்டினாள்.

குழந்தை அழவில்லை. கையை மூடி, உதட்டை லேசாகப் பிளந்து வைத்திருந்தது. அதன் அழுகை உதடுவரைக்கும் வந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். அந்தச் சுவருக்குள் பிறந்த பிள்ளை அல்லவா, பிறக்கும்போதே பழகிக்கொண்டு பிறந்திருந்தது.

பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத சிசுவுக்கு எதை ஊட்டிவிட்டோம் என்று சம்பூரணம் நினைத்தாள். குழந்தையை வாங்கி, அதன் காதோடு வாயை வைத்தாள்.

"உன் இஷ்டம் தாயி. அழோணும்னா அழு. ஆருகிட்டயும் கேக்காத. இனி எப்பவும் கேக்காத."

குழந்தை ஒரு கணம் யோசித்தது. பிறகு வீறிட்டது.

அந்த வீறலில் எல்லாம் நடந்தன. ஒன்பது நாள் மணியோசையும் ஆம்புலன்ஸ் ஓசையும் சுவரைத் தாண்டி மொத்தமாக உள்ளே விழுந்தன. கூரைக்கு மேல் நின்ற வெள்ளிக்கிழமை மழை தடதடவென்று இறங்கியது. மின்விசிறிகள் சுழன்றன, தலையில் இருந்த பூவெல்லாம் வாடியது, கேனில் இருந்த டீ ஆறியது, நெற்றிகளில் நின்ற வியர்வை வழிந்தது, அன்று காலை மறுபடியும் ஊசி ஏறியவளின் விரலிலிருந்து தாமதமாக ஒரு சொட்டு ரத்தம் விழுந்து ஒரு சட்டையில் கறை ஆயிற்று. கேட் அகலத் திறந்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனது.

கேட் அதன் பிறகும் திறந்தே கிடந்தது. கிருபாகரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று. இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், இன்னொருத்திக்கு அன்று மழையில் நனைய வேண்டும்போல இருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒரேயடியாகக் கக்கூசுக்குப் போய், அவரவருக்கு ஆகும் நேரத்தை எடுத்துக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பதினாலாம் நம்பரில் மாட்டியிருந்த 'ரிப்பேர்' அட்டையைக் கழற்றிவிட்டு அதில் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். இத்தனை நாளாக மைக்கில் கத்தியும் பாதிகூட முடியாத வேலை சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி முடிந்து பெட்டியில் ஏறியது. தையல் பிசகவில்லை. பிசகும் என்று இருபத்திரண்டு வருடம் நம்பியவர் ஒருத்தர்தான்.

சம்பூரணம் போர்டை முந்தானையால் துடைத்தாள். எட்டுப் பெயர் இருந்தது, எட்டும் அவள் கையெழுத்து. துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவரைப் பார்த்தாள்.

முதலாளி திருமூர்த்தி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருத்தி அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாள், அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மேலே அவருடைய அறை இருந்தது, அறைக்குள் அவருக்கென்று தனிக் கக்கூசு இருந்தது, படிக்கட்டு பத்து எட்டில் இருந்தது. கால்கள் உத்தரவுக்கு நின்றன, அவரால் நகர முடியவில்லை. தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கி, கையை முன்னால் கோத்து, நெற்றி வேர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருடம் நின்றவள்.

"சம்பூரணம்," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "நான்... நான் போலாமா?"

அறுந்த டோக்கன் அவள் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று அவளுக்கு இல்லை, சொல்லத்தான் போகிறாள். அந்தக் குழந்தைக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவர் பழையபடி எதையாவது நிறுத்திவைப்பார். ஆனால் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இரண்டு மாதம் காத்துக் கிடந்த வெள்ளைச் சீட்டு ஞாபகம் வந்தது.

"இருங்க," என்றாள். "தண்ணி குடிச்சுப்போட்டு வந்து சொல்றனுங்."

லைனின் கோடிக்கு நடந்தாள். குழாயைத் திருகினாள், தண்ணீர் சடசடவென்று விழுந்தது. முதல் மடக்கில் தொண்டை திகைத்து இருமியது. நின்று, நிதானித்து, மறுபடி குடித்தாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, அவசரப்படாமல் இரண்டாவது டம்ளரைப் பிடித்தாள்.